விசை போகும் வழி: சிறு வள்ளத்தில் டவுன்ரிக்கர் பொருத்துவது பற்றி

ஆகஸ்ட் மாதத்தில் ஒன்ராறியோ ஏரியின் மேல்நீர் 20 பாகை செல்சியஸ் வரை சூடேறிவிடும். சினூக் சால்மனுக்குப் பிடித்ததோ 12 பாகையை ஒட்டிய குளிர். ஆகவே மீன் கீழே இறங்கிவிடுகிறது. சூடான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் சந்திக்கும் அடுக்கை ஒட்டி, பல நாட்களில் 15 முதல் 30 மீட்டர் ஆழத்தில், அது இரை தேடுகிறது. வள்ளம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில் வெறும் தூண்டிலை அந்த ஆழத்தில் நிறுத்த முடியாது. நீர் இழுக்க இழுக்கத் தூண்டிலின் இழையான தங்கூசி மேலெழுந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்த கருவி டவுன்ரிக்கர். ஒரு சுருள் உருளை, அதில் சுற்றிய மெல்லிய எஃகுக் கம்பிவடம், வள்ளத்துக்கு வெளியே நீளும் ஒரு கை, கையின் நுனியில் கப்பி, வடத்தின் முனையில் 8 முதல் 12 இறாத்தல் வரையான ஈயக்குண்டு: இவ்வளவுதான் அதன் உடல். குண்டுக்குச் சற்று மேலே உள்ள கவ்வியில் தங்கூசியை மாட்டி இறக்கினால், வேண்டிய ஆழத்தில் இரை ஓடும். மீன் கடித்து இழுத்ததும் தங்கூசி கவ்வியிலிருந்து விடுபடும். அதன்பின் மீனுக்கும் தூண்டிற்காரருக்கும் இடையே பாரம் எதுவும் இராது.

இந்தக் கருவி ஒன்ராறியோ, மிச்சிகன் முதலிய பேரேரிகளில் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960களில் மிச்சிகன் ஏரியில் ஏல்வைஃப் என்னும் சிறு மீன் வரம்பின்றிப் பெருகிக் கரைகளில் செத்து ஒதுங்கியது. அதைத் தின்று குறைக்கவும், தூண்டில் மீன்பிடியை வளர்க்கவும், மிச்சிகன் மாநில மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஹவார்ட் டானரின் முயற்சியால் 1966 வசந்தத்தில் பசிபிக் கரைக்குரிய கோஹோ சால்மன் குஞ்சுகள் ஆறுகளில் விடப்பட்டன. மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் அவை பெரிய மீன்களாகத் திரும்பி வந்தபோது, உள்நாட்டுக் குளங்களுக்கு வாங்கிய சிறு வள்ளங்களோடு மக்கள் பேரேரிக்குள் இறங்கினார்கள். 1967 செப்டம்பர் 23 அன்று எழுந்த புயலில் அந்த வள்ளங்கள் பல கவிழ்ந்தன. ஏழு பேர் இறந்தனர். அந்தச் சாவுகளுக்கு டவுன்ரிக்கர் காரணமல்ல; அன்று அது பரவவும் இல்லை. ஆனால் இக்கட்டுரை பேசும் நிலைமை அன்றே தொடங்கிவிட்டது: பெரிய நீருக்குரிய மீனைத் தேடிச் சிறிய நீருக்குரிய வள்ளம் போகிறது. பின்னர் ஒன்ராறியோ ஏரியிலும் சால்மன் விடப்பட்டது. இன்று ஸ்காபரோவின் புளவ்வர்ஸ் பூங்காவிலிருந்து ஏரிக்குள் இறங்கும் வள்ளங்களில் 14 அடி, 16 அடி அலுமினியங்களும் உண்டு. ரொறன்ரோவின் கிழக்கே ஏரிக்கரையோரம் குடியேறிய தமிழருக்கு இது வீட்டு வாசலில் உள்ள நீர்.

பெரிய வள்ளத்தில் டவுன்ரிக்கர் பொருத்துவது பெரிய காரியமல்ல. தடித்த விளிம்பு, அகன்ற பின்பக்கம், கனத்த உடல் எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன. சிறு வள்ளத்துக்கு வரும்போதுதான் கேள்வி எழுகிறது: எங்கே, எதைக் கொண்டு, எப்படி இறுக்குவது? இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இன்ன அளவு ஆணி, இன்ன வகைத் தளம் என்று ஒரு சாமான் பட்டியலாக இருக்கிறது. கேள்வியை அந்த இடத்திலிருந்து தொடங்குவதே தவறு என்பது என் வாதம். முதலில் கேட்க வேண்டியது, வடத்தில் வரும் விசை எவ்வளவு, அது கையின் நுனியிலிருந்து வள்ளத்தின் உடலுக்குள் எந்த வழியாகப் போகிறது என்பது. அதைக் கண்டுகொண்டால் எந்தப் பொருத்து முறை தகும், எது தகாது என்பது தானே தெளியும். இறுகப் பொருத்துவது மட்டும் போதாது என்பதும் அப்போது புரியும்.

வழக்கமான ஓட்டத்திலிருந்து தொடங்குவோம். 10 இறாத்தல் குண்டு என்பது ஏறத்தாழ 4.5 கிலோ. ஈயத்தின் அடர்த்தி நீரைப்போல் 11 மடங்குக்கும் சற்று மேல் என்பதால், நீருக்குள் அதன் எடை 4.1 கிலோவாகக் குறையும். மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது குண்டின்மீது நீர் தரும் தடை கால் கிலோவுக்கும் குறைவு. வடத்தின்மீதான தடையோ அப்படியல்ல. மில்லிமீட்டரை எட்டாத தடிப்பானாலும் 30 மீட்டர் நீளம் நீரில் இழுபடுகிறது. கணக்கிட்டால் ஒன்றரைக் கிலோவைத் தொடுகிறது. குண்டு வள்ளத்துக்கு நேர்கீழே நிற்காமல் பின்னே சாய்ந்து வருவதற்குக் குண்டைவிட வடமே பெரிய காரணம். எல்லாம் சேர்த்தால் வடத்தின் இழுவிசை ஐந்து கிலோவை ஒட்டி வரும். அலையில் வள்ளம் எழும்பும்போது இது இரண்டு மடங்காகலாம், ஒரு திடீர் உதறலில் அதற்கும் மேலே போகலாம். இந்த அளவைப் பார்ப்பவர் நான்கு ஆணி போதும் என்று நினைப்பதில் வியப்பில்லை. அரிசிப் பைகூட இதைவிடக் கனம்.

ஆனால் அந்த ஐந்து கிலோ தொங்குவது ஒரு கையின் நுனியில். கை 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் நான்கு அடிக் கை சாதாரணம். அதன் அடித்தளத்தில் ஆணிகளுக்கு இடையிலான தூரம் 10 சென்ரிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி நுனியில் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் அடியில் 12 கிலோவாக ஆணியைப் பிடுங்குகிறது. அமைதியான நாளிலேயே உள்பக்க இரண்டு ஆணிகளும் சேர்ந்து 60 கிலோவைத் தாங்குகின்றன. இனிக் குண்டு அடித்தரையில் ஒரு பாறையிலோ மூழ்கிய மரத்திலோ சிக்கட்டும். வள்ளம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆட்கள், மோட்டார், எரிபொருளோடு சேர்ந்து அரை டன்னை நெருங்கும் பொருள் அது. வடம் விறைக்கிறது. டவுன்ரிக்கர் வடங்கள் பொதுவாக 150 இறாத்தல், அதாவது 68 கிலோ, தாங்கக்கூடியவை. வடம் அறுவதற்கு முந்திய நொடியில் அடித்தளத்தில் வரும் பிடுங்குவிசை 68ஐ 12 ஆல் பெருக்கினால் கிடைப்பது: 816 கிலோ. ஆணி ஒன்றுக்கு 400 கிலோவுக்கு மேல். ஆக, பொருத்தை வடிவமைக்கும்போது கையிலெடுக்க வேண்டிய அளவு குண்டின் எடையல்ல, வடத்தின் அறுவிசை. குண்டு எத்தனை இறாத்தல் என்பதைப் பார்த்து ஆணி வாங்குபவர் தவறான எண்ணை வைத்துக் கணக்குப் போடுகிறார்.

இந்த 400 கிலோவை ஒரு நல்ல ஆணி தாங்குமா என்றால், தாங்கும். 6 மில்லிமீட்டர் துருவேறா எஃகு போல்ட் ஒன்று 900 கிலோ வரை நிரந்தரமாக நீளாமல் நிற்கக்கூடியது. ஆகவே பலவீனம் போல்ட்டில் இல்லை, அது பிடித்திருக்கும் தகட்டில் இருக்கிறது. 14 அடி அலுமினிய வள்ளத்தின் பக்கத் தகடு பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டரைச் சுற்றியே இருக்கும். தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூவை அதில் ஏற்றினால், தகட்டின் தடிப்புக்குள் அகப்படுவது ஒரே ஒரு மரைச்சுற்று. அது பிடியாகாது, தொற்றிக்கொண்டிருப்பது. நட்டும் வாஷரும் போட்ட போல்ட்டானாலும், வாஷர் ஒரு நாணயத்தின் அகலமே என்றால் விசை முழுவதும் அந்த வட்டத்தின் விளிம்பில் குவிந்து தகட்டைக் குழித்து, கடைசியில் கிழித்துக்கொண்டு வெளியே வரும். போல்ட்டின் தரத்தை உயர்த்துவதால் இங்கே எதுவும் மாறாது. விசையைப் பரப்ப வேண்டும். பரப்பிய விசையை வள்ளத்தின் எலும்பான ஒன்றிடம், விளிம்பின் தடித்த வார்ப்பிடமோ குறுக்கு விலாவிடமோ பின்பலகையிடமோ, கொண்டு சேர்க்க வேண்டும்.

ஒருநாள் வரும் பெரிய விசையைப் போலவே நாள்தோறும் வரும் சிறிய விசையும் கவனிக்கத் தக்கது. நான்கு நொடிக்கு ஓர் அலை என்றால் மணிக்கு 900 தடவை அந்தக் கை மேலும் கீழும் ஆடுகிறது. ஆறு மணிநேர ஓட்டத்தில் 5,400 தடவை. அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. எஃகைப்போல, இந்த அளவுக்குக் கீழே எத்தனை தடவை வளைத்தாலும் பாதகமில்லை என்று சொல்லத்தக்க எல்லைக்கோடு அதற்குக் கிடையாது. சிறிய வளைவும் எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டே போகும். துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் தொடங்கி, இரண்டு பருவம் கழித்து ஒரு சாதாரணக் காலையில் தகடு பிளக்கும். அன்று பெரிய காற்றும் இராது, பாறையும் இராது. ஏன் உடைந்தது என்று யாருக்கும் விளங்காது. இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். டவுன்ரிக்கரைக் கழற்றாமல் டிரெய்லரில் வைத்து நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்லும்போது நேரும் அதிர்வு ஏரியின் அலையைவிடக் கடுமையானது, எண்ணிக்கையிலும் கூடியது. கருவியை ஒவ்வொரு பயணத்துக்கும் கழற்றி வண்டிக்குள் வைப்பது சோம்பலைக் கேட்காத ஒரு வழக்கமாக வேண்டும். எளிதில் கழற்றக்கூடிய தளத்தை நாடுவதற்கு இதுவே போதிய காரணம்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நடைமுறையில் உள்ள முறைகளைப் பார்க்கலாம். துளைத்து, மறுபக்கம் தடித்த உள்தகடு வைத்து, போல்ட்டால் ஊடுருவி இறுக்குவதே மற்ற எல்லா முறைகளையும் அளக்கும் தரம். உள்தகடு 5 அல்லது 6 மில்லிமீட்டர் அலுமினியமாக இருக்கலாம். தளத்தைவிட எல்லாப் பக்கமும் சில சென்ரிமீட்டர் அகன்றிருக்க வேண்டும். மூலைகளை வட்டமாக ராவிவிட வேண்டும், கூர்மூலை புதிய கீறலுக்கு வித்து. முடிந்தால் அது ஒரு விலாவைத் தொட்டு அதோடும் பிணைக்கப்பட வேண்டும். கண்ணாடியிழை வள்ளமானால், தகடுகளுக்கு நடுவே மரமோ நுரையோ இருக்கிறதா என்று பார்த்து, துளையைப் பெரிதாக்கி எப்பொக்சியால் நிரப்பி, அந்த எப்பொக்சிக்குள் மறுபடி துளைக்க வேண்டும். இல்லையேல் நீர் உள்ளே புகுந்து நடுமரம் உளுத்துப்போகும். இறுக்கும் போல்ட்டுகள் வெறும் இரண்டு தோல்களை நசுக்கிக்கொண்டிருக்கும். சிறு வள்ளங்களில் இன்னொரு தடையும் வரும்: விளிம்பு மூடிய பெட்டிபோல் மடிக்கப்பட்டிருக்கும், கை உள்ளே போகாது. அப்போது குருட்டு நட்டு, ரிவெட் நட்டு முதலியவற்றை நாடுவார்கள். ஸ்க்ரூவைவிட அவை மேல். ஆனால் அவையும் அந்த மெல்லிய தோலையே பிடிக்கின்றன. மேலே ஒரு நீண்ட தகட்டை வைத்து, அதிலிருந்து கீழ்நோக்கி வளைத்த ஒரு தாங்கியைப் பக்க விலாவோடு இறுக்கினால் விசைக்கு ஓர் உண்மையான வழி கிடைக்கும். வேலை கூடுதல்தான். வள்ளத்தின் மிதப்பு நுரை வைத்த அறைகளைத் துளைத்துவிடாமல் பார்ப்பதும் இந்த வேலையின் பகுதி.

உலோகங்கள் ஒன்றையொன்று அரிப்பது பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகப் பொருத்திய தளங்களும் இதனால்தான் கெடுகின்றன. துருவேறா எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் கரைவது அலுமினியம். நன்னீர் ஏரியில் இது மெதுவாக நடக்கும், உப்புநீரில் விரைவாக. பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு இதே வள்ளத்தைக் கொண்டு செல்பவர் ஒரே பருவத்தில் போல்ட் தலையைச் சுற்றி வெண்பொடி பூப்பதைக் காண்பார். நைலான் வாஷரும், மரைக்கும் துளைக்கும் பூசும் காப்புப் பசையும் இதைத் தடுக்கும். அதே பசை, துருவேறா எஃகு நட்டு தன் போல்ட்டிலேயே உறைந்துகொள்ளும் தொல்லையையும் குறைக்கும். பித்தளையையும் செம்பையும் அலுமினியத்தின் பக்கத்திலேயே அண்டவிடக் கூடாது. இதை அறிந்தவர்கள்கூடத் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு: உள்தகட்டுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் பச்சை நிறப் பதப்படுத்திய மரப்பலகை. உளுக்காமல் இருக்க அதில் ஏற்றியிருப்பது செம்பு. ஈரம் பட்டதும் அந்தச் செம்பு அலுமினியத்தைத் தின்னத் தொடங்குகிறது. உளுக்காத பலகை என்று வாங்கியதே வள்ளத்தை ஓட்டையாக்கும். மரம்தான் வேண்டும் என்றால் பதப்படுத்தாத கடற்தர ஒட்டுப்பலகையை எப்பொக்சி பூசிப் பயன்படுத்தலாம்.

துளைக்கவே மனமில்லாதவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அண்மைக்கால அலுமினிய வள்ளங்கள் சிலவற்றில் விளிம்பிலேயே தண்டவாளம் போன்ற பள்ளத்தைத் தொழிற்சாலையில் வார்த்துவிடுகிறார்கள். தளத்தை அதில் நகர்த்தி வேண்டிய இடத்தில் இறுக்கலாம். விளிம்பின் முழு நீளமும் விசையைப் பகிர்வதால் கொள்கையளவில் இது சிறந்தது. ஆனால் தூண்டில் கோல் தாங்கிக்கென்று செய்த பள்ளமா, டவுன்ரிக்கரையும் தாங்குமா என்பது உற்பத்தியாளரின் எழுத்தில் இருக்க வேண்டும். தோற்றத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. இரண்டாவது, விளிம்பைக் கவ்வும் திருகுப்பிடி. கையால் சுற்றும், இரண்டு அடிக் கையுள்ள சிறிய டவுன்ரிக்கருக்கு, எட்டு இறாத்தலுக்கு உட்பட்ட குண்டுக்கு, அமைதியான நீரில் இது தகும். அதற்கு மேல் தகாது. உராய்வு மட்டுமே அதன் பிடி. அதிர்வில் திருகு தளரும், சிக்கலின்போது பிடி முழுதாகச் சுழன்று கழன்றுவிடும்.

மூன்றாவது வழி குறைவாகப் பேசப்படுகிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: வள்ளத்தின் அகலம் முழுவதும், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு, குறுக்கே போடும் தடித்த பலகை. இரண்டு அங்குலத் தடிப்பும் எட்டோ பத்தோ அங்குல அகலமும் உள்ள பலகையின் இரு நுனிகளிலும் டவுன்ரிக்கர் தளங்களைப் போல்ட்டால் ஊடுருவி இறுக்கி, பலகையை விளிம்புகளின் அடியில் கவ்வும் தாங்கிகளால் பிணைக்கிறார்கள். ஒரு பக்கக் கை கீழே இழுக்கப்படும்போது அந்த முறுக்கு மறு பக்க விளிம்புவரை சென்று பரவுகிறது. 10 சென்ரிமீட்டராக இருந்த நெம்புதூரம் வள்ளத்தின் அகலமாக, ஒன்றரை மீட்டராக, மாறிவிடுகிறது. முன்பு சொன்ன 816 கிலோ, மறு விளிம்பின் பிடியில் 50, 60 கிலோவாகச் சுருங்குகிறது. மெல்லிய தகட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி செய்ய முடியாது. பருவம் முடிந்ததும் கழற்றிவிடலாம், வள்ளத்தில் ஒரு துளையும் இராது. மோட்டார்த் தண்டைப் பிடித்து ஓட்டுபவரின் காலுக்கு இடைஞ்சல் என்ற குறை உண்மையானதே. இருக்கையின் பின்விளிம்போடு சேர்த்துப் போட்டால் அது பெருமளவு தீரும்.

கையின் நீளத்தைப் பற்றிப் பேசாமல் பொருத்தைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சு. மேலே வந்த எண்கள் எல்லாவற்றிலும் பெருக்கியாக நின்றது அந்த 1.2 மீட்டர். அதை 60 சென்ரிமீட்டராக்கினால் பிடுங்குவிசை பாதியாகும். வேறெந்தச் செலவும் இல்லை. நீண்ட கைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது, இரண்டு வடங்களுக்கும் இடையே தூரம் கிடைக்கும், தங்கூசிகள் பின்னா என்பது. அகன்ற பின்பக்கமும் நான்கு டவுன்ரிக்கரும் உள்ள வாடகை வள்ளத்துக்கு அது சரி. இரண்டே டவுன்ரிக்கர் உள்ள சிறு வள்ளத்தில் இரு குண்டுகளையும் வெவ்வேறு ஆழத்தில் ஓட்டினாலே பின்னல் குறையும். மேலும், நீண்ட கையின் நுனிக்கு ஏற்றிய கவ்வியை எட்டிப் பிடிக்க ஒருவர் விளிம்புக்கு வெளியே சாய வேண்டியிருக்கும். 14 அடி வள்ளத்தில் ஒரு ஆள் சாய்வதும் குண்டின் எடையும் ஒரே பக்கம் சேரும்போது அது கவிழும் எல்லையை நோக்கிப் போகிறது. குட்டைக் கைக்கு உள்ள ஒரே நிபந்தனை, வள்ளம் திரும்பும்போது வடம் மோட்டாரின் விசிறிக்குள் போகாத அளவு விலகியிருக்க வேண்டும் என்பதே. அதைக் கையின் திசையால் சரிசெய்யலாம். நேர்பக்கமாக நீட்டிய கை சிக்கலின்போது பின்னோக்கிய இழுப்பில் தளத்தையே திருகுகிறது. சற்றுப் பின்னோக்கிச் சாய்த்த கையில் அந்தத் திருகல் குறைவு. பின்மூலையில், வெளிப்பின்னாகச் சாய்த்து, குட்டைக் கை: சிறு வள்ளத்துக்கு என் பரிந்துரை இதுவே.

இதற்கெல்லாம் எதிராக எழும் முதல் மறுப்பு அனுபவத்தின் பெயரால் வருகிறது. நான்கு ஸ்க்ரூவில் பத்து வருடமாக ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்பது அது. அந்தச் சாட்சியம் பொய்யல்ல. 60 மீட்டர் ஆழமான திறந்த நீரில் 20 மீட்டரில் குண்டை ஓட்டுபவர் தரையைத் தொடவே போவதில்லை; ஐந்து கிலோ உலகத்திலேயே அவர் வாழ்கிறார். ஆனால் அதே ஆள் அடித்தரையை ஒட்டி லேக் ட்ரவுட் மீனைத் தேட ஆரம்பிக்கும் நாளில், அல்லது மேற்குக் காற்று பலமாக அடித்து வடகரையில் குளிர்நீர் மேலெழும்ப, மீனைத் தொடர்ந்து ஆழம் குறைந்த இடத்துக்கு வரும் நாளில், அவருடைய பத்து வருடச் சாட்சியம் அவருக்கு உதவாது. திறந்த நீரிலும் தடைகள் இல்லாமலில்லை: பேரேரிகள் சிலவற்றில் வணிக மீனவர் கட்டும் பொறிவலைகளில் டவுன்ரிக்கர் வடங்கள் சிக்குவது அறியப்பட்ட ஆபத்து. பக்கத்தில் ஓடும் வள்ளத்தின் வடத்தோடும் பின்னிக்கொள்ளலாம்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. அதற்குப் பதில் சொல்லாமல் என் வாதம் நிற்காது. பொருத்து இவ்வளவு உறுதியாக இருந்தால், சிக்கும்போது அது விட்டுக்கொடுக்காது. வள்ளமே இழுபட்டு மூழ்கும். ஆகவே பொருத்து உடைவதே உயிருக்குக் காவல் என்கிறார்கள். முதற்பாதி உண்மை. பின்பக்கம் தாழ்ந்த சிறு வள்ளம் பின்மூலையில் கட்டுண்டு, அலையும் பின்னாலிருந்து வந்தால், ஒவ்வோர் அலையும் உள்ளே ஏறும். பின்புறம் நங்கூரமிட்டு மூழ்கும் வள்ளங்களின் கதையும் இதுதான். ஆனால் அதற்குத் தீர்வாகப் பலவீனமான பொருத்தை நம்புவது, எந்த விசையில் உடையும் என்று யாருக்கும் தெரியாத ஒன்றை நம்புவது. ஈரத்தில், அரிப்பில், அதிர்வில் அது ஒருநாள் 20 கிலோவில் பிய்யும், இன்னொரு நாள் 200 கிலோவிலும் பிய்யாது. பிய்யும்போது கிழிந்த தகடும், விறைத்த வடத்தில் பறக்கும் உலோகக் கருவியும் அருகில் இருப்பவரின் முகத்தை நோக்கி வரலாம். விட்டுக்கொடுக்கும் இடம் ஒன்று இருக்கத்தான் வேண்டும்; அது நாமே தேர்ந்து அளந்து வைத்த இடமாக இருக்க வேண்டும். அந்த இடம் டவுன்ரிக்கரிலேயே இருக்கிறது: உருளையின் கிளட்ச். குண்டின் எடையை மட்டும் தாங்கி, அதற்குச் சற்று மேலான இழுப்பில் நழுவும்படி அதை வைக்கலாம். சிக்கியதும் உருளை சுழன்று வடம் ஓடும். மோட்டாரை நிறுத்த நேரம் கிடைக்கும். முதலில் கிளட்ச் நழுவ வேண்டும், அது தவறினால் வடம் அறுந்துபோகட்டும், பொருத்தோ எந்நாளும் அசையக் கூடாது. கிளட்சை முழுக்க இறுக்கிவிட்டு ஓட்டுவது இந்த வரிசையைத் தலைகீழாக்குவது. மின்விசை டவுன்ரிக்கரிலும் இதே நியாயம்தான்.

வடம் முழுவதும் ஓடித் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? மோட்டாரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, வள்ளத்தைச் சிக்கிய இடத்துக்கு நேர்மேலே திரும்பவிட்டு, எதிர்த்திசையிலிருந்து இழுத்துப் பார்ப்பது வழக்கம். அலை உள்ளே ஏறத் தொடங்கினால் யோசனைக்கு இடமில்லை, வடத்தை வெட்ட வேண்டும். மீன்வெட்டும் கத்தி எஃகு வடத்தை வெட்டாது. ஓட்டுபவரின் கை எட்டும் தூரத்தில், கயிற்றில் கட்டிய கம்பிவெட்டி ஒன்று இருக்க வேண்டும். பெட்டியின் அடியில் கிடப்பது இல்லாததற்குச் சமம். வடத்துக்குப் பதிலாகப் பின்னல் இழை பயன்படுத்துபவருக்குக் கத்தி போதும், இழுதடையும் குறைவு, ஆனால் பாறையில் உரசித் தேய்வது அதிகம். கருவி கழன்று ஏரியில் விழாமலிருக்க அதை ஒரு கயிற்றால் வள்ளத்தின் கொண்டியோடு கட்டுவதும் உண்டு. நல்ல வழக்கம்தான், கயிறும் அதே கத்திக்கு எட்டும் இடத்தில் இருக்கும்வரை.

எடைக்கணக்கும் இங்கே சேர வேண்டும். இரண்டு மின்விசை டவுன்ரிக்கர், குண்டுகள், அவற்றுக்கென ஒரு மின்கலம் எல்லாம் சேர்ந்தால் ஒரு சிறிய ஆளின் எடை. அது முழுவதும், மோட்டாரும் ஓட்டுபவரும் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கும் பின்பக்கத்தில் ஏறுகிறது. கனடாவில் ஆறு மீட்டர் வரையான வள்ளங்களில் ஏற்றக்கூடிய எடையைக் குறிக்கும் அறிவிப்புப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். அந்த எண்ணிலிருந்து இந்தக் கருவிகளையும் கழித்த பிறகே ஆட்களை எண்ண வேண்டும். மின்கலத்தை நடுவே அல்லது முன்னே நகர்த்தி, தடித்த கம்பியும் அதற்கேற்ற உருகியும் போட்டு இழுப்பது நல்லது. 12 அடி வள்ளத்துக்கு டவுன்ரிக்கரே வேண்டாம் என்பது என் கருத்து. தங்கூசியிலேயே கட்டி இழுக்கும் மூழ்கு தட்டுகளும், ஈயத்தை உள்ளே வைத்துப் பின்னிய கயிறும் அதே மீனை எட்டக்கூடியவை. துல்லியம் குறைவு, ஆனால் அவற்றின் இழுப்பைத் தாங்குவது தூண்டில் கோல், வள்ளத்தில் இறுக்கிய நீண்ட கை அல்ல. இதைத் தோல்வியாக எண்ணத் தேவையில்லை.

14 அடியும் அதற்கு மேலும் உள்ள வள்ளத்தில் பொருத்தி முடித்தவர், ஏரிக்குப் போகுமுன் டிரெய்லரில் வைத்தே ஒரு சோதனை செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கையின் நுனியில் மீன் நிறுக்கும் தராசு ஒன்றை மாட்டி, 30 கிலோ வரை கீழ்நோக்கியும் பிறகு பின்னோக்கியும் மெதுவாக இழுங்கள். இழுக்கும்போது பார்க்க வேண்டியது டவுன்ரிக்கரை அல்ல, தளத்தைச் சுற்றியுள்ள தகட்டை. அது கண்ணுக்குத் தெரியும்படி குழிந்தாலோ நொடித்தாலோ உள்தகடு போதவில்லை. இன்னும் அகலமான ஒன்றைப் போட்டு மறுபடி இழுங்கள். அடுத்து குண்டைத் தொங்கவிட்டு, வடத்தைக் கையுறை அணிந்த கையால் கீழே இழுங்கள். குண்டின் எடைக்கு நின்று, உங்கள் இழுப்புக்கு உருளை நழுவினால் கிளட்ச் சரியாக இருக்கிறது. இந்த இரண்டையும் முடிக்க அரைமணி நேரம் போதும். ஏரியில் தவறு நேர்ந்தால் விழுவது குளிர்நீரில்: மே மாதத்தில் ஒன்ராறியோ ஏரியின் நீர் 10 பாகைக்கும் கீழே இருக்கும்.